வாலில் ஒரு பெயர்

முந்தின வாரங்களைப் படித்தவர்கள் மிக்கேலம்மாளை ஓர் அட்டைப் பெட்டியோடு உட்கார வைத்துவிட்டுப் போயிருப்பீர்கள். படிக்காதவர்களுக்கு நாலு வரியில் சொல்லிவிடலாம்.

அவள் கணவன் ஆரோக்கியம் லாரி டிரைவர். மூன்று வருஷத்துக்கு முன் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் வண்டியோடு போய்விட்டான். அன்று முதல் அவள் தொப்பூரில் கொழுந்தன் சின்னப்பராஜ் வீட்டில், அவன் மனைவி லூர்தம்மாளோடு ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு இருக்கிறாள். ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துத் தன் சோற்றைத் தானே சம்பாதிக்கிறவள்தான். ஆனாலும் அவள் படுக்கிற அறைக்குக் கதவு கிடையாது, பழைய புடவைத் திரைதான்.

பொம்மிடியில் கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளிக்குக் கைத்தொழில் ஆசிரியை வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனாள். தலைமை சிஸ்டர் தெரசம்மா அவளுடைய தையலைப் பார்க்கவே இல்லை. மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார். பெங்களூரில் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி வாங்கிக் கொடுத்த மூன்று பெட்டிகளில் ஒன்று அது. உள்ளே பால்சா என்னும் மரத்தின் பட்டைகள், மெல்லிய வெள்ளைத் தாள், ஒரு டியூப் பசை, மடித்து வைத்த, பொம்மை விமானத்தின் பெரிய படம்.

"தைக்கத் தெரிஞ்சவங்க நிறைய பேர் வர்றாங்கம்மா. இதுவரைக்கும் பார்க்காத ஒண்ணைப் படத்தைப் பார்த்துச் செய்யத் தெரிஞ்சவங்கதான் எனக்கு வேணும். தவக்காலத்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் கொண்டு வாங்க. பறந்தா வேலை உங்களுக்கு. தங்கறதுக்கு ஓர் அறையும் இருக்கு. பறக்கலைன்னா, சேலத்திலிருந்து ஒருத்தர் திங்கக்கிழமை வர்றாங்க."

அந்தச் சனிக்கிழமை இன்றைக்கு விடிந்தது.

மிக்கேலம்மாள் நிதானமாகவே எழுந்தாள். பதறுவதற்கு ஒன்றும் இல்லை. விமானத்தின் உடம்பும் வாலும் போன வாரமே முடிந்துவிட்டன. இறக்கைகள் இரண்டும் தாள் ஒட்டி, தண்ணீர் தெளித்து, காய்ந்து, மேளத் தோல் மாதிரி விறைத்துத் தையல் மிஷின் மேல் கிடந்தன. இரண்டையும் உடம்போடு சேர்க்க வேண்டியதுதான் பாக்கி.

இடது இறக்கையைப் பொருத்திப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது.

வலது இறக்கையை எடுத்தாள். தடித்த முன் ஓரம் வாலைப் பார்த்தது. முன்னால் திருப்பினாள், இறக்கையின் வயிறு மேலே வந்தது. வயிற்றைக் கீழே கொண்டுவந்தாள், முன் ஓரம் மறுபடி பின்னால் போயிற்று. இன்னொரு தரம் திருப்பினாள். அப்புறம் திருப்பவில்லை. புரிந்துவிட்டது.

லூர்தம்மாள் காப்பி டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இருபத்தைந்து வயது. வாய் மட்டும் இன்னும் பள்ளிக்கூடம் விட்டு வரவில்லை.

"என்னக்கா, கைய மாத்தி மாத்திப் பாக்கறீங்க?"

"ரெண்டும் ஒரே பக்கமா ஆயிருக்குது லூர்து."

"அப்படின்னா?"

"ரெண்டுமே பீச்சாங்கை."

லூர்தம்மாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. "நல்லதாப் போச்சு. நேராப் போவாம ஒரே எடத்துல சுத்தும். நம்ம வூட்டு ஆம்பளை மாதிரி."

மிக்கேலம்மாளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் தப்பு எங்கே நடந்தது என்று தெரியாமல் சிரித்துவிட்டுப் போகிறவள் அல்ல அவள். படத்தை விரித்து வைத்துக்கொண்டு யோசித்தாள்.

படத்தில் ஓர் இறக்கைதான் போட்டிருந்தது. அதில் அவளுக்கு ஆச்சரியமே வரவில்லை. ஜாக்கெட்டுக்கு வெட்டும் பேப்பரும் பாதிதான் இருக்கும். துணியை இரண்டாக மடித்து, மேலே பேப்பரை வைத்து வெட்டினால் இடமும் வலமும் தாமாகவே வந்துவிடும். பதினைந்து வருஷத் தையலில் இது இடது, இது வலது என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசிக்கிற வேலையை மடிப்பு பார்த்துக்கொண்டது. அந்தப் பழக்கத்திலேயே பால்சாப் பட்டைகளை இரண்டிரண்டாக அடுக்கி வைத்து, இறக்கையின் விலா எலும்புகளை வெட்டினாள். அச்சு அசலாக வந்தன. வெட்டும்போதே இடம் வலம் தீர்ந்தது என்று நினைத்து, முதல் இறக்கையை அடுக்கிய அதே படத்தின் மேல், அதே மாதிரி, இரண்டாவதையும் அடுக்கி ஒட்டிவிட்டாள். மரத்துக்கு மடிப்பு கிடையாது. விலா எலும்புக்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. அடுக்கும்போதுதான் அது ஒரு பக்கத்தைச் சேருகிறது.

"இப்ப என்னாக்கா பண்றது?" லூர்தம்மாள் குரலில் சிரிப்பு போயிருந்தது. "சிஸ்டர்கிட்ட இன்னொரு வாரம் கேக்கலாமா?"

"கேட்டா சேலத்தம்மா வந்து உக்காந்துக்கும். பிரிச்சு மறுபடி தைக்க வேண்டியதுதான்."

"இது தையலா? பசையாச்சே."

அதுதான் சிக்கல். தாளைக் கிழித்துவிட்டு ஒரு மூட்டில் பிளேடை வைத்துப் பார்த்தாள். பசை விடவில்லை, மரம்தான் பிய்ந்தது. பால்சா நெட்டி மாதிரி, விரல் நகம் பட்டாலே பள்ளம் விழும். இன்னொரு துண்டுக்குப் பெங்களூர்தான் போக வேண்டும்.

பசை டியூபைத் திறந்து முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். இந்த நெடி அவளுக்குப் பழக்கமானது. தினமும் சாயங்காலம் சின்னப்பராஜின் சட்டையோடு வீட்டுக்குள் வருகிற நெடி.

"லூர்து, உன் வூட்டுக்காரர் கையில பட்ட பெயிண்ட எதுல கழுவுவாரு?"

"தின்னருல."

"வர்றேன்," என்று எழுந்தாள்.

சின்னப்பராஜின் பெயிண்ட் ஷெட் நெடுஞ்சாலை ஓரத்தில், டீக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவில் இருக்கிறது. கணவாய் ஏறப்போகும் வண்டிகள் கியரை மாற்றும் சத்தம் அங்கே பகல் முழுக்கக் கேட்கும். ஒரு திருச்செங்கோட்டு லாரியின் பின் பலகையில் அவன் எழுதிக்கொண்டிருந்தான். எழுத்தில் அவனுக்கு இணை அந்த ரோட்டில் கிடையாது. மஞ்சள் பூசி, அது காய்ந்ததும் இன்னொரு தரம் பூசி, அதன் மேல் சிவப்பில் எழுத்து, எழுத்துக்கு ஓரமாக வெள்ளையில் நிழல். தர்மபுரியிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து எழுதிக்கொண்டு போவார்கள்.

மூன்று வாரமாக விமானத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாப்பிட்டான், எழுந்தான், போனான்.

"தம்பி, கொஞ்சம் தின்னர் வேணும்."

"தின்னர் இல்லீங்க அண்ணி."

"கால் பக்கத்துல இருக்கறது என்ன?"

அவன் குனிந்து டின்னைப் பார்த்தான். "அது லாரிக்குங்க."

"லாரி அவ்வளவையுமா குடிக்கும்?"

லாரிக்கு அடியில் படுத்திருந்த கிளீனர் சிரித்தான். சின்னப்பராஜ் சிரிக்கவில்லை. பிரஷைத் துணியில் துடைத்தான். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நீங்க போறதுக்கு நானே தின்னர் ஊத்திக் குடுக்கணுமாங்க அண்ணி?"

"வேற யாருகிட்ட கேக்கறது?"

"ஊரு என்ன பேசும்? அண்ணன் செத்து மூணு வருசத்துல அண்ணிய வெளிய அனுப்பிட்டான்னு பேசும். பச்சியப்பன் டீக்கடையில உக்காந்து தினம் நான் காதுல வாங்கணும்."

"ஊரு பேசினா நான் வந்து பதில் சொல்றேன். பொம்மிடி என்ன சீமையா? ஒரு பஸ்ஸு."

"ஊருக்குச் சொல்லுவீங்க." அவன் பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "வூட்டுல உங்க மிஷின் சத்தம் கேக்கற வரைக்கும் அண்ணன் லோடு எறக்கப் போயிருக்கற மாதிரிதான் எனக்குத் தோணுது. அதுவும் இல்லாமப் போச்சுன்னா அவன் பேரு சொல்ல அந்த வூட்டுல என்னங்க இருக்குது?"

மிக்கேலம்மாள் இதை எதிர்பார்க்கவில்லை. ஊர்ப் பேச்சுக்கு மட்டும்தான் பதில் தயாராக வைத்திருந்தாள். 

"உங்க அண்ணனை நான் என்ன முந்தானையிலயா முடிஞ்சு வெச்சிருக்கறேன் தம்பி, போம்போது எடுத்துட்டுப் போறதுக்கு?" என்றாள். குரல் கடுமையாக இல்லை. "எனக்கு முப்பத்திமூணு வயசு. சாவற வரைக்கும் திரைத்துணிக்குப் பின்னால படுத்துக்க முடியாது. என் கதவ நானே தாழ்ப்பாள் போட்டுக்கணும். அதுக்குத்தான் கேக்கறேன்."

சின்னப்பராஜ் பிரஷைக் கீழே வைத்தான். ஒரு காலி சோடா பாட்டிலை எடுத்து உதறினான். டின்னைச் சாய்த்து ஊற்றினான். ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை.

"ஊத்தாதீங்க, மரம் நொந்துடும். கந்தலை நனைச்சு மூட்டு மேல போட்டு வைங்க. அடுப்புப் பக்கம் கொண்டுபோவாதீங்க."

"சரிங்க தம்பி."

"என்னா தப்பாப் போச்சு?"

"ரெண்டும் பீச்சாங்கையாப் போச்சு."

அவன் முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெயில் ஏறுவதற்குள் மூட்டுகள் எல்லாம் விட்டுக்கொடுத்தன. நனைந்த கந்தலுக்கு அடியில் பசை கூழாகி, விலா எலும்புகள் ஒவ்வொன்றாகக் கையில் வந்தன. ஒன்றுகூட உடையவில்லை. மிக்கேலம்மாள் வரிசை குலையாமல் அவற்றை முறத்தில் வைத்தாள்.

அடுத்தது படம். எம்ப்ராய்டரி டிசைனைத் தாளிலிருந்து துணிக்கு மாற்றும்போது தாளில் மண்ணெண்ணெய் தடவுவது அவள் வழக்கம். படத்தைக் குப்புறப் போட்டு அதே மாதிரி தடவினாள். கோடுகள் முதுகுப் பக்கம் தெளிவாகத் தெரிந்தன. இப்போது அது வலது இறக்கை. அதன் மேல் குண்டூசி குத்தி, விலா எலும்புகளை அடுக்கி, டியூபில் மிச்சம் இருந்த பசையைப் பிதுக்கினாள். ஒவ்வொரு எலும்பை வைப்பதற்கு முன்னாலும் இடது இறக்கையைப் பக்கத்தில் வைத்து ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"வெள்ளைத் தாள் தீந்துபோச்சே அக்கா," என்றாள் லூர்தம்மாள்.

"கிறிஸ்மஸ் ஸ்டாருக்கு வாங்கினது மிச்சம் இருக்குதா பாரு."

பரணில் இருந்தது. சிவப்பு. நட்சத்திரத்துக்கு ஒட்டுகிற மாதிரியே மைதாப் பசை காய்ச்சி, மெல்லிசாகத் தடவி, லூர்தம்மாள் ஒரு முனையைப் பிடிக்க, மிக்கேலம்மாள் மறுமுனையை இழுத்து ஒட்டினாள். தண்ணீர் தெளித்து, ஓரங்களில் அரிவாள்மனையையும் இஸ்திரிப் பெட்டியையும் பாரம் வைத்து வெயிலில் காயப்போட்டார்கள்.

"ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் சேப்பு. சிஸ்டர் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"மேல போறப்ப எந்தப் பக்கம் திரும்புதுன்னு கீழ இருந்தே தெரியும்னு சொல்லுவேன்."

"நெசமாவா?"

"இப்பத்தான் தோணுச்சு. ஆனா நெசம்தான்."

மத்தியானத்துக்கு மேல் இறக்கைகள் உடம்போடு சேர்ந்தன. மிக்கேலம்மாள் விமானத்தை இரண்டு விரல் நுனியில், இறக்கைகளுக்கு அடியில், படத்தில் புள்ளி வைத்திருந்த இடத்தில் தாங்கினாள். முன்னும் சாயவில்லை, பின்னும் சாயவில்லை. வாசலில் புளி உலுக்கிப் பரப்பிய சாக்குகளைத் தள்ளிவிட்டு, லூர்தம்மாளை வைக்கோல் போர் ஓரமாக நிற்க வைத்து, மெதுவாகத் தள்ளிவிட்டாள். விமானம் தரைக்கு இணையாக வழுக்கிக்கொண்டு போய் லூர்தம்மாளின் நீட்டிய கைகளுக்கு நடுவில் வைக்கோலில் உட்கார்ந்தது.

 லூர்தம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

சாப்பாட்டுக்கு வந்த சின்னப்பராஜ் வாசலில் நின்று அதைப் பார்த்திருந்தான். "நீங்க போயிப் பொடவை மாத்துங்க அண்ணி. நான் இத வேட்டியில சுத்திக் கட்டித் தர்றேன். பஸ்ஸுல நசுங்காமக் கொண்டுபோவணும். நானும் வர்றேன்."

மிக்கேலம்மாளுக்கு மனசு நிறைந்துபோயிற்று. சரி என்று உள்ளே போனாள். குளித்து, தலை பின்னி, நல்ல புடவை கட்டி வருவதற்குள் கட்டு தயாராக இருந்தது. பழைய எட்டு முழ வேட்டியில், குழந்தையைச் சுற்றுவது போல.

பஸ்ஸில் கண்டக்டர் கட்டைப் பார்த்து நின்றார். "லக்கேஜ் என்னம்மா?"

"ஏரோப்ளேனுங்க," என்றாள் லூர்தம்மாள்.

"அது இருக்கையில எதுக்கு இந்த வண்டியில ஏறினீங்க?"

பஸ்ஸே சிரித்தது. கடைசி சீட்டிலிருந்து ஒருவர் எழுந்து மிக்கேலம்மாளுக்கு ஜன்னலோரம் இடம் விட்டார். பொம்மிடி வரைக்கும் கட்டு அவள் மடியிலேயே இருந்தது. சின்னப்பராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரும் சாயாதபடி அவள் முன்னால் நின்றே வந்தான். வெற்றி நிச்சயம் என்றே அவள் நினைத்திருந்தாள்.

சிஸ்டர் தெரசம்மா மைதானத்தில் காத்திருந்தார். விடுதிப் பெண்கள் வராந்தாப் படியில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ரயிலடிப் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி நின்றிருந்தது. சித்தேரி மலைப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது, ஆனால் பலமாக இல்லை.

"பிரிங்க, பார்க்கலாம்," என்றார் சிஸ்டர்.

மிக்கேலம்மாள் வேட்டியைப் பிரித்தாள். சிவப்பு இறக்கை, வெள்ளை இறக்கை, உடம்பு. கடைசி மடிப்பை விலக்கியதும் கை நின்றுவிட்டது.

வால் முழுக்க மஞ்சள். பளபளவென்ற லாரி மஞ்சள். அதன் மேல் சிவப்பு எழுத்து, எழுத்துக்கு வெள்ளை நிழல். ஆரோக்கியம்.

அவள் திரும்பிப் பார்த்தாள். சின்னப்பராஜ் கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யார் பேர் இது?" என்று சிஸ்டர் கேட்டார்.

"எங்கண்ணனுங்க," என்றான் அவன். "பேரு எழுதாம நம்ம ஷெட்ல இருந்து ஒரு வண்டியும் வெளிய போனதில்லீங்க."

மிக்கேலம்மாள் எழுத்தை விரலால் ஒரு தரம் தொட்டாள். ஆனால் அழுவதற்கு இது நேரம் இல்லை. காற்றுக்கு எதிராக முகத்தைத் திருப்பி நின்றாள். தோளுக்கு மேல் விமானத்தை உயர்த்தி விட்டாள்.

விமானம் நாலு அடி போயிற்று. மூக்கை வானத்துக்குத் தூக்கியது. ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு வால் முதலில் தரைக்கு வந்தது.

படியில் உட்கார்ந்திருந்த பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லூர்தம்மாள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், சிரிப்பு நின்றது. சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"வீட்டுல பறந்துச்சாம்மா?"

"பறந்துச்சுங்க சிஸ்டர்."

விமானத்தை எடுத்தாள். உடையவில்லை. விரல் நுனிகளில் தாங்கினாள். வால் கல் மாதிரி இறங்கியது. மத்தியானம் ஆடாமல் நின்ற அதே இடம். வீட்டுக்கும் மைதானத்துக்கும் நடுவில் மாறியது ஒன்றே ஒன்றுதான். அது என்ன என்று சின்னப்பராஜுக்கும் அப்போது தெரிந்துவிட்டது.

"நீங்க குளிக்கறப்ப ஷெட்டுக்கு எடுத்துட்டுப் போயி, சீக்கிரம் காயற மஞ்சள் ரெண்டு பூச்சு குடுத்துட்டனுங்க அண்ணி." அவன் குரல் கம்மிவிட்டது. "கீழ பூச்சு இல்லாம எழுத்து நிக்காதுங்க, அதான். இது கனம் தாங்காதுன்னு எனக்குத் தோணல. லாரியிலயே எழுதி எழுதி..." பையிலிருந்து சோடா பாட்டிலை எடுத்தான். "மிச்சம் தின்னர் இருக்குது. தொடைச்சுடறேன்."

"அதுதான் சரி," என்றார் சிஸ்டர். "சீக்கிரம் எடுத்துடுங்க. வெளிச்சம் போகுது."

லூர்தம்மாள் புருஷனையும் மிக்கேலம்மாளையும் மாறி மாறிப் பார்த்தாள். சின்னப்பராஜ் கந்தலை நனைத்துவிட்டான். வாலை நோக்கிக் கொண்டுபோனான்.

"வேண்டாம் தம்பி," என்றாள் மிக்கேலம்மாள்.

"உங்க வேலை போயிடுங்க அண்ணி."

"தின்னர் பட்டா பெயிண்டோட பசையும் விட்டுடும். வாலே கையோட வந்துடும். காலையில இருந்து நான் பிரிச்ச வேலையாச்சே, எனக்குத் தெரியாதா? மூடி வைங்க."

அது உண்மையான காரணம். அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது, அதை அவள் சொல்லவில்லை. சின்னப்பராஜ் மூடியை இறுக்கினான்.

விமானத்தின் மூக்கில், எடை போடுவதற்கென்றே ஒரு சின்னப் பொந்து உண்டு. தையல்காரி பையில் எப்போதும் கிடப்பது ஜாக்கெட் கொக்கி அட்டை. மிக்கேலம்மாள் புல்லில் உட்கார்ந்தாள். ஒரு கொக்கியைப் பிரித்தெடுத்துப் பொந்தில் போட்டாள். விரலில் தாங்கிப் பார்த்தாள். வால் இறங்கியது. இன்னொன்று. அப்போதும் இறங்கியது. லூர்தம்மாள் எதிரே உட்கார்ந்து அட்டையிலிருந்து கொக்கியைக் கழற்றிக் கழற்றிக் கொடுத்தாள்.

"அக்கா, நாலு ஜாக்கெட்டுக்கு ஆவறது உள்ள போயிடுச்சு."

"போவட்டும். பேரு கனமான பேரு."

சிஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார். அவசரப்படுத்தவில்லை. ஒரு கொக்கி போட்டு ஒரு தரம் பார்ப்பது, பார்த்துவிட்டு இன்னொன்று போடுவது என்று அவள் கைகள் போன போக்கை மட்டும் கவனித்தார். அட்டையில் பாதி காலியானபோது வால் மேலே வந்தது. இன்னும் ஒன்று போட்டாள். விமானம் அவள் விரல்களின் மேல் தரைக்கு நேராக நின்றது. பஞ்சு அடைத்துப் பொந்தை மூடினாள்.

வேப்பமரத்து இலைகள் ஆடி அடங்கும் வரை பொறுத்தாள். கனம் கூடியிருக்கிறது, இந்தத் தடவை வேகமாகத் தள்ள வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டடி ஓடி விமானத்தை விட்டாள்.

விமானம் கையை விட்டுப் போனது, போய்க்கொண்டே இருந்தது. மூக்கு மேலே தூக்கவில்லை. கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் சிவப்பு இறக்கை லேசாகத் தாழ்ந்தது. அகலமாக ஒரு வளைவு எடுத்தது. வராந்தாவில் இருந்த பெண்கள் தலைக்கு மேல் போனது, அவர்கள் எல்லோரும் சேர்ந்து குனிந்தார்கள். வாலில் இருந்த மஞ்சள் மேல் வெயில் பட்டது. எழுத்து ஒன்று விடாமல் படிக்க முடிந்தது. மைதானத்தின் மறு கோடியில், தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம், புல்லைத் தடவிக்கொண்டு இறங்கி நின்றது.

சின்னப்பராஜ்தான் முதலில் ஓடினான். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்று கிடந்தது.

"திங்கக்கிழமை காலையில வந்துடுங்க," என்றார் சிஸ்டர். முகத்தில் சிரிப்பு இருந்தது. "விமானத்தை இங்கேயே வெச்சுட்டுப் போகலாம். மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்பணும். வாலில மட்டும் அந்தப் பேரை மறைச்சுப் பள்ளிக்கூடத்துப் பேரை எழுதிடலாம். உங்க கொழுந்தனாரே எழுதட்டும், எழுத்து அழகா இருக்கு."

சின்னப்பராஜ் விமானத்தை இரண்டு கையிலும் ஏந்தியபடி வந்து நின்றிருந்தான். கேட்டுவிட்டான். 

மிக்கேலம்மாள் அவன் கையிலிருந்து விமானத்தை வாங்கிக்கொண்டாள்.

"கண்காட்சிக்கு வேற ஒண்ணு செஞ்சு தர்றேனுங்க சிஸ்டர். உங்ககிட்ட இன்னும் ரெண்டு பெட்டி இருக்குது. பிள்ளைங்களோட உக்காந்து செய்யறேன். இதுல நாங்க பண்ணின தப்பு ரெண்டும் அதுல இருக்காது. பள்ளிக்கூடத்துப் பேரு அதுல எழுதிக்கலாம். இது வூட்டுக்குப் போவுது."

"நான் கேட்டும் தரமாட்டேன்னு சொல்றீங்களா?"

"இதைத் தரமாட்டேனுங்க. வேலைய நல்லாச் செய்வேன்."

 சிஸ்டர் தெரசம்மா கொஞ்ச நேரம் மிக்கேலம்மாளையே பார்த்தார். பிறகு அங்கியின் பையில் கையை விட்டு, கறுத்த கயிற்றில் கோத்த ஒரு சாவியை எடுத்தார்.

"கிணத்துப் பக்கம் மூணாவது அறை. தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம். எண்ணெய் விட்டுக்குங்க."

தொப்பூர் பஸ்ஸில் இந்தத் தடவை மூன்று பேருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைத்தது. லூர்தம்மாள் நடுவில் உட்கார்ந்து கட்டை மடியில் வாங்கிக்கொண்டாள். ஊரைத் தாண்டுவதற்குள் தலை சாய்ந்து கண்ணை மூடிவிட்டாள். மிக்கேலம்மாளின் உள்ளங்கையில் சாவி சூடாகிக்கொண்டிருந்தது.

 வெளியே பார்த்துக்கொண்டு வந்த சின்னப்பராஜ், ஒரு நிறுத்தத்தில் வண்டி நின்று சத்தம் அடங்கியபோது, தணிந்த குரலில் கேட்டான்.

"அண்ணி, வூட்டுக்குப் போவுதுன்னு சொன்னீங்களே. எந்த வூட்டுக்குங்க? நம்ம வூட்டுக்கா, கிணத்துப் பக்கத்து அறைக்கா?"

கேள்வி வரும் என்று மிக்கேலம்மாளுக்குத் தெரியும். பதிலையும் மைதானத்தை விட்டு வெளியே வரும்போதே முடிவு செய்துவிட்டாள்.

"சொல்றேன் தம்பி. லூர்து தூங்கற மாதிரி நடிக்கறத விடட்டும். ரெண்டு பேருக்கும் சேர்த்தே சொல்லணும்."

லூர்தம்மாளின் கண்கள் திறக்கவில்லை. ஆனால் வேட்டிக் கட்டைப் பிடித்திருந்த அவளுடைய விரல்கள் இறுகின.